இலவச வீட்டுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

அரசும் தனியாரும் சேர்ந்து ஏழைகளுக்கு வீடு கட்டுகிறார்கள் என்றதும் பெரும்பாலோர் நினைப்பது இதுதான்: அரசு நிலம் கொடுக்கும், தனியார் நிறுவனம் பணம் போட்டுக் கட்டும், வீடு குறைந்த விலையில் மக்களுக்குக் கிடைக்கும். இந்தியாவில் இத்தகைய கூட்டு முயற்சியை மிகப் பெரிய அளவிலும் நீண்ட காலமாகவும் நடத்திவரும் நகரம் மும்பை. அந்த ஊரிலேயே வளர்ந்து, உறவினர் பலர் இந்தத் திட்டங்களுக்குள் நுழைந்து வெளிவந்ததைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே நடப்பது வேறு. மும்பையில் அரசு தன் கருவூலத்திலிருந்து ஏறக்குறைய எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை. விதி அனுமதிப்பதைவிடக் கூடுதலாக உயர்த்திக் கட்டிக்கொள்ளும் உரிமையைத்தான் அது கொடுக்கிறது. அந்தக் கூடுதல் மாடிகளைச் சந்தை விலைக்கு விற்று வரும் பணத்தில் குடிசைவாசிக்கு வீடு கட்டப்படுகிறது. ஆகவே இலவச வீட்டுக்கான பணத்தைக் கொடுப்பவர், அதே மனையில் பக்கத்துக் கோபுரத்தில் வீடு வாங்கும் நடுத்தர அல்லது பணக்காரக் குடும்பத்தினர்.

இந்த ஏற்பாட்டை முழுவதுமாகக் கண்டிக்க எனக்கு மனமில்லை. அதன் நன்மையைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அரசு அனுமதி முத்திரை குத்தும் அலுவலகமாக ஒதுங்கிக்கொண்டு, கூட்டாளி என்ற பெயரை மட்டும் வைத்துக்கொள்வதுதான் இதில் அடிப்படையான கோளாறு என்று நினைக்கிறேன்.

இது ஒரே நாளில் வந்ததல்ல. 1971ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் குடிசைப்பகுதிச் சட்டம், குடிசைகளை இடித்துத் தள்ளுவதை மட்டுமே அறிந்திருந்த நிர்வாகத்துக்கு, அங்கே குழாயும் கழிப்பறையும் அமைக்கும் கடமையும் உண்டு என்று சொன்னது. 1976ல் குடிசைகள் கணக்கெடுக்கப்பட்டு, ‘போட்டோ பாஸ்’ எனப்படும் படம் ஒட்டிய அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. 1985ல் ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது மும்பைக்கு 100 கோடி ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி தாராவிக்குப் போய்ச் சேர்ந்தது. அரசு பணம் போட்டுச் செய்த கடைசிப் பெரிய முயற்சி என்று அதைச் சொல்லலாம். 1991ல் வந்த விதிகள் கட்டுமான நிறுவனங்களுக்குக் கூடுதல் எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவைக் கூட்டிக் கொடுத்தன. ஆனால் லாபத்துக்கு 25 சதவீதம் என்ற வரம்பும் இருந்தது, குடியிருப்போரும் தங்கள் பங்காக ஒரு தொகை தர வேண்டியிருந்தது. 1995 தேர்தலில் சிவசேனா–பாரதிய ஜனதா கூட்டணி 40 லட்சம் குடிசைவாசிகளுக்கு இலவச வீடு என்று வாக்குறுதி அளித்து ஆட்சிக்கு வந்தது. அதை நிறைவேற்றும் வழியைக் காண அஃப்சல்புர்கர் குழு அமைக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே எஸ்.ஆர்.ஏ. என்று ஊரறிந்த குடிசைப்பகுதி மறுவாழ்வு ஆணையம் செயல்படத் தொடங்கியது. லாப வரம்பு நீங்கியது, குடியிருப்போர் பங்கும் நீங்கியது. 225 சதுர அடி வீடு, கழிப்பறை, சமையலறை மூலை, எல்லாம் சும்மா.

அன்றைய விதி வெளிப்பார்வைக்கு மிக நேர்த்தியானது. குடிசைவாசிகளில் 70 சதவீதம் பேர் சம்மதித்து, கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்து, ஒரு பில்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அவர் கட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு 10 சதுர அடி இலவசப் பரப்புக்கும் ஈடாக, தீவு நகரம் எனப்படும் பழைய பம்பாய்ப் பகுதியில் 7.5 சதுர அடியும், புறநகரில் 10 சதுர அடியும், தாராவி போன்ற கடினமான பகுதியில் 13.33 சதுர அடியும் விற்பனைக்காகக் கட்டிக்கொள்ளலாம் என்றிருந்தது. மனையிலேயே அதைக் கட்டி முடிக்க இடம் போதாவிட்டால், மீதியை டி.டி.ஆர். என்ற சான்றிதழாக, அதாவது வேறொரு மனைக்கு மாற்றிக் கொடுக்கத்தக்க கட்டுமான உரிமையாகப் பெற்று, நகரத்தின் வேறு மூலையில் உள்ள பில்டரிடம் விற்கலாம். காகிதத்தில் இருந்த வானம் கையில் எடுத்துச் செல்லும் சரக்காகிவிட்டது.

கணக்கு விளங்குவதற்காக மட்டும் ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். புறநகரில் ஒரு மனையில் 10,000 சதுர அடி இலவச வீடுகளும், அதற்கு ஈடாக 10,000 சதுர அடி விற்பனை வீடுகளும் எழுகின்றன என்று கொள்வோம். சதுர அடிக்கு 3,000 ரூபாய் கட்டுமானச் செலவு என்றால் இரண்டுக்கும் சேர்த்து 6 கோடி. இதன் மேல், கட்டி முடிக்கும்வரை குடும்பங்களுக்கு வேறிடத்தில் தங்க வாடகை, அரசுக் கட்டணங்கள், கடன் வட்டி, இன்னும் கணக்கில் எழுத முடியாத செலவுகள். விற்பனை வீடு சதுர அடி 20,000 ரூபாய்க்குப் போகும் இடமானால் 20 கோடி வரும். பில்டர் ஓடோடி வருவார். 7,000 ரூபாய்க்கே போகும் இடமானால் வருவது 7 கோடி, வட்டிக்குக்கூடக் காணாது. இலவச வீட்டின் தேவையும் மக்களின் வறுமையும் இரு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் வொர்லியிலும் லோயர் பரேலிலும் உள்ள குடிசைகளுக்கு முன்னால் பில்டர்கள் வரிசையில் நிற்க, மான்குர்டிலும் கோவண்டியிலும் பல்லாண்டுகளாக எவரும் எட்டிப் பார்க்கவில்லை. 2018ஆம் ஆண்டின் புதிய வளர்ச்சி விதிகளில் நிலத்தின் மதிப்பையும் கட்டுமானச் செலவையும் ஒப்பிட்டு ஈட்டுப் பரப்பை மாற்றியமைக்கும் ஏற்பாடு வந்தது இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யத்தான். ஆயினும் அது மலிவான மனைக்கு இன்னும் அதிக மாடிகளை அனுமதிக்கும் மருந்துதான். நெரிசலான இடம் மேலும் நெரிகிறது.

வீட்டு விலை ஏறும்போது திட்டங்கள் பிறக்கும், விலை சரியும்போது பாதியில் நிற்கும். நிற்கும்போது நடுத்தெருவில் இருப்பவர்கள் குடிசைவாசிகள். ஏனெனில் அவர்களுடைய குடிசைதான் முதலில் இடிக்கப்பட்டிருக்கும். மும்பையின் போரிவலியில் 2003ல் பில்டர் நியமிக்கப்பட்ட ஒரு திட்டம் இரண்டு பத்தாண்டுகளாக இழுபட்டு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2024 ஜூலையில் அந்த வழக்கில் தீர்ப்பளித்த நீதிபதிகள், இந்தச் சட்டத்தின்கீழ் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் மட்டும் 1,600க்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பதைச் சுட்டிக்காட்டி, சட்டம் நடைமுறையில் எப்படி வேலை செய்திருக்கிறது என்று முழுமையாகத் தணிக்கை செய்யும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு சட்டத்தையே தணிக்கைக்கு உட்படுத்தச் சொல்வது அடிக்கடி நடப்பதல்ல. ஐந்தாண்டில் எட்டு லட்சம் வீடுகள் என்று தொடங்கிய திட்டம் முப்பது ஆண்டுகளில் அந்த இலக்கின் பாதியைக்கூட எட்டவில்லை என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பணக் கணக்கைவிடக் கொடியது ஆட்களைக் கணக்கெடுப்பது. இலவச வீடு எல்லாருக்கும் அல்ல. குறிப்பிட்ட தேதிக்கு முன்பிருந்தே அங்கு வாழ்வதைக் காகிதத்தால் நிறுவுகிறவர்களுக்கு மட்டும். முதலில் 1995 ஜனவரி 1 என்றிருந்த அந்தத் தேதி பின்னர் 2000 ஜனவரி 1 ஆயிற்று. 2000க்கும் 2011க்கும் இடையில் வந்தவர்கள் பணம் கட்டி வீடு பெறலாம் என்று பிறகு சேர்க்கப்பட்டு, 2023ல் அந்தத் தொகை இரண்டரை லட்சம் ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. தேர்தல்கள் வரும்போதெல்லாம் தேதி நகர்வதை மும்பைக்காரர்கள் பருவமழையைப் போல எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். தகுதியுள்ளோர் பட்டியலை அனெக்ஷர் டூ என்பார்கள். அதில் பெயர் ஏறிவிட்டதா என்பதைத்தான் குடிசைப்பகுதியில் ஒருவரையொருவர் முதலில் விசாரிப்பார்கள்.

என் சித்தியின் பெயர் ஏறுவதற்குப் பட்ட பாடு எனக்கு நன்றாகத் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருமணமாகி வந்த அவர், பழைய சேலைக்கடைப் பை ஒன்றில் ரேஷன் அட்டை, போட்டோ பாஸ், மின்கட்டண ரசீதுகள், வாக்காளர் பட்டியலின் நகல் ஆகியவற்றை வைத்திருந்தார். அந்தப் பையை அலமாரியில்கூட வைக்காமல், வெள்ளம் வந்தாலும் நனையக் கூடாதென்று மேலே பரணில் ஆணியில் தொங்கவிட்டிருந்தார். சிக்கல் பெயரில் வந்தது. மராத்தியப் படிவத்தில் தன் பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள். நமக்கோ முன்னெழுத்தும் பெயரும்தான். ரேஷன் அட்டையில் சித்தப்பாவின் பெயர் குடும்பப் பெயராகவும், வாக்காளர் பட்டியலில் ஊர்ப் பெயர் குடும்பப் பெயராகவும், மின்ரசீதில் அதற்கு முன் அந்த ரூமை வைத்திருந்தவரின் பெயராகவும் இருந்தன. மூன்றும் ஒரே ஆள் என்று காட்ட உறுதிமொழிப் பத்திரம், அதற்கு ஒரு வக்கீல், அந்த வக்கீலுக்கு ஒரு தரகர். தகுதியைத் தீர்மானிக்கும் இந்த வேலை அரசு அதிகாரியுடையது என்று விதி சொல்கிறது. ஆனால் ஆவணங்களைத் திரட்டிக் கொடுப்பவர் பெரும்பாலும் பில்டரின் ஆள். திட்டத்துக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டவருக்கு உதவி கிடைக்கிறது, போடத் தயங்குகிறவரின் காகிதத்தில் குறை கிடைக்கிறது. இதைச் சட்டமீறல் என்று நிரூபிப்பது கடினம். எல்லாம் வாய்ப்பேச்சில் முடிகிற காரியம்.

மாடிக் குடியிருப்போரின் நிலை இன்னும் மோசம். குடிசைப்பகுதியில் இடம் பக்கவாட்டில் விரிய முடியாததால் மேலே ஒரு தகரத் தளம், அதற்கு வெளியிலிருந்து இரும்பு ஏணி, அங்கே இன்னொரு குடும்பம் என்பது சர்வசாதாரணம். திட்டத்தின் கணக்கில் தரைத்தளத்துக்கு ஒரு வீடு; மேலே இருப்பவர் எத்தனை ஆண்டு வாடகை கொடுத்து வாழ்ந்திருந்தாலும் கணக்கில் இல்லை. தகுதியற்றவர்களுக்கு வீடு கொடுத்தால் அதற்கும் ஈட்டுப் பரப்பு தர வேண்டும், கோபுரம் இன்னும் உயர வேண்டும். ஆகவே தகுதிக்கோடு எங்கே விழுகிறது என்பதில் அறமும் உண்டு, எஃப்.எஸ்.ஐ. கணக்கும் உண்டு. எது முந்துகிறது என்று கேட்டால் என் பதில் பிந்தியதுதான்.

சித்திக்குக் கடைசியில் வீடு கிடைத்தது. இடையில் தங்கும் முகாமில் கழிந்த ஆண்டுகளை அவர் பேச விரும்புவதில்லை. கட்டடம் நிமிர்ந்து நிற்கிறது. ஒரு தளத்தில் பல வீடுகள், நடுவில் பகலிலும் விளக்குப் போட வேண்டிய நீண்ட நடை. முன்பு வாசலில் உட்கார்ந்து பூக் கட்டியவர் இப்போது லிஃப்டின் அருகே, காற்று வரும் ஒரே சன்னலின் கீழ் உட்கார்ந்து கட்டுகிறார். சந்தை விலைக்கு விற்ற கோபுரம் அதே மனையில் சுவருக்கு அப்பால், தனி வாயிலோடும் பூங்காவோடும் நிற்கிறது. பராமரிப்பைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னார்: “வீட்ட சும்மாதான குடுத்தான். இப்ப லிஃப்டுக்குத்தான் வாடகை குடுக்கேன்.” இதில் மிகையில்லை. திட்டம் தொடங்கிய காலத்தில் வீடு ஒன்றுக்கு 20,000 ரூபாயை பில்டர் வைப்பாகக் கட்டி, அதன் வட்டியில் பராமரிப்பு நடக்கும் என்று ஏற்பாடு செய்தார்கள். பல மாடிக் கட்டடத்தில் லிஃப்ட், தண்ணீர் மோட்டார், தீயணைப்புக் குழாய், பொதுவிளக்கு ஆகியவற்றுக்கு அந்த வட்டி எந்த மூலைக்கு? சங்கம் மாதந்தோறும் பணம் கேட்கிறது, கொடுக்க முடியாத வீடுகள் பெருகுகின்றன, லிஃப்ட் நிற்கிறது, முதியவர்கள் மாடியிலேயே அடைபடுகிறார்கள். பத்தாண்டுக்கு விற்கக் கூடாது என்ற தடை இருந்தும் முழு அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்து வீட்டைக் கைமாற்றி, மறுபடி ஏதாவதொரு குடிசைப்பகுதிக்குப் போனவர்களை ஊரார், ‘காசு ஆசை’ என்று எளிதாகத் திட்டுகிறார்கள். திட்டுவதற்கு முன் அந்தக் கட்டடத்தின் மாதாந்திர ரசீதைப் பார்க்கலாம்.

உடல்நலக் கேடும் உண்டு. ரயில்வே, சாலை விரிவாக்கத்துக்காக அகற்றப்பட்ட குடும்பங்களை மான்குர்டு, கோவண்டிப் பக்கம் குடியமர்த்தியபோது, கட்டடங்களைத் தனியார் கட்டிக் கொடுத்து ஈடாக டி.டி.ஆர். பெற்றார்கள். மலிவு விலை வீடுகளுக்குச் சாதாரண விதிகள் தளர்த்தப்பட்டதால் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே சில இடங்களில் மூன்று மீட்டரே இடைவெளி. நட்வர் பாரேக் காம்பவுண்டு, லல்லுபாய் காம்பவுண்டு ஆகியவற்றை ஆராய்ந்து 2018ல் மருத்துவர் அமைப்பு ஒன்று வெளியிட்ட ஆய்வு, வெயிலும் காற்றும் எட்டாத கீழ்த்தள வீடுகளில் காசநோய் மிகுந்திருப்பதைக் காட்டியது. அதே வட்டாரத்தில், தாராளமான இடைவெளியோடு கட்டப்பட்ட பி.எம்.ஜி.பி. காலனியில் நோய் மிகக் குறைவு. பி.எம்.ஜி.பி. என்பது 1985ன் பிரதமர் மானியத் திட்டத்தின் பெயர். அரசு பணம் போட்ட காலத்தின் நினைவாக நிற்கும் ஒரு காலனியே ஒப்பீட்டுக்குக் கிடைத்தது.

இனி தாராவி. தமிழர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் அந்தச் சதுப்பு நிலத்தைக் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கி ஊராக்கினார்கள். 1887ல் தொடங்கிய பெரிய பள்ளிவாசலும் 1913ல் கட்டப்பட்ட பிள்ளையார் கோயிலும் அங்கே பழையவை. தைப்பொங்கலன்று 90 அடிச் சாலைப் பக்கம் போனவர்களுக்கு அது எந்த ஊர் என்ற மயக்கம் வரும். ஏறத்தாழ 600 ஏக்கர். தோல், துணி, மறுசுழற்சி, கும்பார்வாடாவின் மண்பாண்டம், முறுக்கும் இட்லியும் செய்து நகரத்துக்கு அனுப்பும் வீடுகள். ஒருகாலத்தில் ஊரின் ஓரமாக இருந்த அந்த இடம், பாந்த்ரா–குர்லா வணிக வளாகம் வந்த பிறகு நகரத்தின் நடுவாகிவிட்டது. திட்டங்கள் துரத்தத் தொடங்கியது அதன் பின்தான்.

2004ல் மாநில அரசு கட்டடக்கலைஞர் முகேஷ் மேத்தாவின் யோசனையை ஏற்று, தாராவியைத் துண்டுகளாகப் பிரித்து உலகெங்கும் உள்ள நிறுவனங்களுக்குக் கொடுக்க முடிவெடுத்தது. 2007ல் விளம்பரம் வந்தது. 2008 நிதி நெருக்கடியில் வந்தவர்கள் பின்வாங்கினார்கள். 2011ல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. 2018ல் முழுத் தாராவியையும் ஒரே நிறுவனத்துக்குக் கொடுக்கும் முறை வந்தது. செக்லிங்க் நிறுவனம் 7,200 கோடிக்கும், அதானி குழுமம் சுமார் 4,500 கோடிக்கும் ஏலம் கேட்டன. ரயில்வே நிலத்தைச் சேர்ப்பதைக் காரணம் காட்டி 2020ல் ஏலம் ரத்தானது. 2022ல் புதிய நிபந்தனைகளோடு மீண்டும் ஏலம். இம்முறை அதானியின் 5,069 கோடி வென்றது. இன்னொரு கட்டுமான நிறுவனமான டி.எல்.எஃப். கேட்டது 2,025 கோடி. 7,200 கேட்டவர் வழக்குத் தொடுத்தார். 2024 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. திட்டத்தை நடத்தும் நிறுவனத்தில் அதானிக்கு 80 சதவீதம், மாநில அரசுக்கு 20 சதவீதம்.

மும்பையின் வழக்கமான திட்டத்திலிருந்து தாராவி வேறுபடும் இடங்கள் சில உள்ளன. முதலாவது, அரசுத் திட்டம் என்பதால் குடியிருப்போரின் சம்மத விகிதம் தேவையில்லை. 70 சதவீதமாக இருந்து, பின்னர் 51 ஆகக் குறைந்து, இங்கே இல்லாமலே போயிற்று. இரண்டாவது, டி.டி.ஆர். சந்தை. 2023 நவம்பரில் வந்த அறிவிப்பின்படி, மும்பையின் மற்ற பில்டர்கள் டி.டி.ஆர். பயன்படுத்தினால் முதல் 40 சதவீதத்தைத் தாராவித் திட்டத்திடமிருந்தே வாங்கியாக வேண்டும். விலைக்கு உச்சவரம்பு உண்டு என்றாலும், வாங்குபவர் கட்டாயத்தின் பேரில் நிற்கும் சந்தை அது. ஆகவே தாராவியின் செலவில் ஒரு பங்கை அந்தேரியிலோ முலுண்டிலோ வீடு வாங்குகிற குடும்பம் தன்னை அறியாமலே செலுத்தும். வரி என்று பெயர் வைத்திருந்தால் சட்டமன்றத்தில் விவாதம் நடந்திருக்கும்.

மூன்றாவது, தகுதியற்றவர்கள். 2000க்கு முன் தரைத்தளத்தில் இருந்தவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசம். நகரத்தின் மற்ற திட்டங்களில் கிடைக்கும் 300ஐவிட இது கூடுதல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2011க்கு முன் வந்தவருக்கு இரண்டரை லட்சத்துக்கு வீடு, ஆனால் தாராவிக்கு வெளியே. அதற்குப் பின் 2022 நவம்பர் 15வரை வந்தவர்களுக்கும், மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியே வாடகை வீடு, தவணையில் சொந்தமாக்கிக்கொள்ளலாம். முந்தைய திட்டங்கள் இவர்களை வெறுங்கையோடு அனுப்பின என்பதால் இது முன்னேற்றமே. ஆனால் அந்த ‘வெளியே’ எது? காஞ்சுர்மார்க், பாண்டூப், முலுண்டுப் பகுதிகளின் உப்பள நிலம் ஏறத்தாழ 256 ஏக்கர், குர்லாவில் பழைய பால்பண்ணை நிலம், தேவ்நார் குப்பைக்கிடங்கின் 124 ஏக்கர். மழைநீரைத் தாங்கிப் பிடிக்கும் உப்பளத்திலும், பல பத்தாண்டுக் குப்பை மலையின் மேலும் எழப்போகும் குடியிருப்புகளில், தாராவியில் தைத்த தோல்பையை மறுநாள் காலை கடைக்கு எடுத்துச்செல்லும் தொழிலாளி எப்படித் தொழில் செய்வார் என்பதற்கு எந்த வரைபடத்திலும் விடையில்லை. வீடும் பட்டறையும் ஒரே ஏணியின் இரு முனைகளில் இருப்பதுதான் தாராவியின் பொருளாதாரம். மேலே இருப்பவரை வெளியே அனுப்பினால் கீழே இருப்பவரின் பட்டறைக்கு ஆளில்லை.

தனியாரைச் சேர்க்காமல் அரசே செய்திருந்தால் எல்லாம் நேராகியிருக்கும் என்று சொல்லவும் என்னால் முடியவில்லை. தமிழ்நாட்டில் 1970ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், இன்று நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், ஆரம்ப காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டியது. 2000க்குப் பிறகு அதே அரசு கூவத்தின் கரையிலிருந்தும் பக்கிங்காம் கால்வாயின் கரையிலிருந்தும் குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பியது. வேலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால். மும்பைத் திட்டத்தின் நன்மை இங்கேதான் தெரிகிறது: தகுதிபெற்றவரை அது நகரத்தின் நடுவிலேயே வைத்திருக்கிறது. என் சித்தி இன்றும் நடந்துபோய்ப் பூ விற்கிறார். வொர்லியில் கோடிகளுக்கு விற்கும் கோபுரத்தின் பக்கத்தில் மீன் விற்பவர் சொந்த வீட்டில் இருக்கிறார் என்பது இந்திய நகரங்களில் எளிதில் காண முடியாத காட்சி. அந்த நன்மையைக் கொடுப்பது பில்டரின் பெருந்தன்மை அல்ல, இருந்த இடத்திலேயே கட்ட வேண்டும் என்ற விதிதான். விதியை எழுதும் வேலை அரசுடையது. அதைச் செய்தபோது பலன் இருந்தது.

மும்பை முறையை நாடு முழுவதும் பரப்ப 2015ல் பிரதமர் வீட்டுவசதித் திட்டம் முயன்றது. நிலத்தையே மூலதனமாகக் கொண்டு குடிசைப்பகுதியை அதே இடத்தில் மறுபடி கட்டினால் வீட்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் மத்திய உதவி என்றது. மற்ற பிரிவுகளோடு ஒப்பிட்டால் அந்தப் பிரிவில் எழுந்த வீடுகள் மிகச் சொற்பம். வானுயர விலை இல்லாத ஊரில் வானத்தை விற்க முடியாது என்பதைத் தவிர இதற்குப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. விலை உள்ள தில்லியிலேயே கட்புத்லி காலனியின் பொம்மலாட்டக்காரர்கள் 2009ல் கையெழுத்தான திட்டத்துக்காகப் பத்தாண்டுக்கும் மேலாகத் தற்காலிக முகாமிலும் வாடகை வீடுகளிலும் காத்துக் கிடந்தார்கள்.

தாராவியில் அரசுக்குள்ள 20 சதவீதப் பங்கு வெறும் எண்ணாக இல்லாமல் இருக்க வேண்டுமானால் சில காரியங்களை அந்தப் பங்கின் பெயரால் கேட்கலாம். தகுதியுள்ளோர், தகுதியற்றோர் பட்டியலை முறையீட்டு முடிவுகளோடு முழுமையாக வெளியிட்ட பிறகே விற்பனைக் கட்டடத்துக்கு அனுமதி. இலவச வீடுகள் ஏழாண்டில் முடிய வேண்டும் என்ற நிபந்தனை தவறினால் டி.டி.ஆர். விற்பனை அந்த அளவுக்கு நிறுத்திவைக்கப்படுதல். கட்டடங்களுக்கிடையே வெயில் இறங்கும் இடைவெளியில் சலுகை கிடையாது என்ற உறுதி. பராமரிப்பைப் பொறுத்தவரை திட்ட நிறுவனம் இரண்டு செய்திகளைச் சொல்லியிருக்கிறது: முதல் பத்தாண்டு பராமரிப்புச் செலவை அதுவே ஏற்கும், அதன்பின் ஒவ்வொரு சங்கத்துக்கும் 10 சதவீத வணிகப் பரப்பு கிடைத்து அதன் வாடகையில் செலவு நடக்கும். எஸ்.ஆர்.ஏ. தொடங்கிய நாளிலேயே இருந்திருக்க வேண்டிய ஏற்பாடு இது. ஆனால் அந்த வணிகப் பரப்பு சாலையைப் பார்த்து இருக்குமா, உள்நடையில் இருக்குமா என்பதைப் பொறுத்து வாடகை பல மடங்கு மாறும். சங்கங்களில் கையெழுத்துக் கேட்டு வருபவரிடம் முதலில் அந்தத் தரைத்தள வரைபடத்தைக் கேளுங்கள் என்று தாராவியில் இருக்கும் என் உறவினர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.